மீன்கொத்தி வாய் திறந்தது

நாசர் சவூதியின் தம்மாமை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் பத்தமடை வீட்டில் இன்னொரு ஆள் நடமாடுவது ஃபஹ்மிதாவுக்குப் பழகவில்லை. குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தால் ஒரு கணம் திகைப்பாள். டீத்தூள் டப்பா இடம் மாறியிருந்தால் யார் எடுத்தது என்று யோசிப்பாள். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தை ஒட்டுப்போட்டுப் பார்த்தால் மூன்று நான்கு வருஷம் தேறினால் அதிகம்.

அவர் அங்கே அத்தர் கடையில் வேலை பார்த்தார். அவள் இங்கே பறவைகளைப் பார்த்தாள்.

"மாப்பிள்ள அத்தர் விக்காரு, பொண்ணு கொக்கு எண்ணுது" என்று தெருவில் கேலி பேசுவார்கள். கேலியில் பொய் ஒன்றும் இல்லை. திருநெல்வேலியில் விலங்கியல் படித்தபோது கல்லூரியிலிருந்து ஒருநாள் கூந்தன்குளம் கூட்டிப் போனார்கள். மற்றப் பெண்கள் எச்ச வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட, ஃபஹ்மிதா மட்டும் கருவேல மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள்மூக்கு நாரை ஒன்று சிறகை விரித்துத் தன் குஞ்சுகளுக்கு வெயில் படாமல் நிழல் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார்.

பிறகு முனைவர் பட்டத்துக்கும் குளத்துப் பறவைகளையே எடுத்துக்கொண்டாள். கறுப்பு புர்காவும் ரப்பர் செருப்பும் கழுத்தில் தொங்கும் பைனாகுலருமாக அவள் குளத்தங்கரையில் நடப்பதைப் பார்த்து வயலில் நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து நின்றுவிடுவார்கள். ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி விசாரித்தார். வாப்பா காஜா முகைதீன் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்ததால் அன்று தப்பித்தாள். நிக்காஹ் முடிந்து முதல் விடுப்பில் வந்த நாசர், வேறு யாரும் கொண்டுவராத ஒன்றைக் கொண்டுவந்தார்: தூரத்துக் குருவியின் கண்வளையம்கூடத் தெரிகிற நல்ல ஜப்பான் பைனாகுலர். "இத வச்சு என்னையும் தேடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் விமானம் ஏறினார்.

ஃபஹ்மிதாவின் பெயர் வெளியே தெரிந்தது ஆற்று நடையால். ஒவ்வொரு மார்கழியிலும் தையிலும் முக்கூடலிலிருந்து சேரன்மகாதேவி வரை தாமிரபரணிக் கரையோடு நடந்து, எந்தப் பறவை எங்கே எத்தனை என்று எண்ணுவாள். கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. நாணலுக்குள் ஒளிந்திருக்கும் பறவையை அவள் தேடிப் பார்ப்பதில்லை. சத்தம் கேட்டதும் நின்று, பெயரைச் சொல்லி, பிறகுதான் பைனாகுலரைத் தூக்குவாள். கூட வரும் மாணவிகள் அதைக் கண்டு வாய்பிளந்து நிற்பார்கள். அவள் பெயர் சொல்லாத சத்தத்தை யாரும் பொருட்படுத்தியதில்லை.

பெருவெள்ளம் வந்துபோன பிறகு அவளுடைய கணக்கில் ஒரு பறவை குறைந்துகொண்டே வந்தது. மீன்கொத்திகளில் ஆகச் சிறியது, முதுகில் நீலம் மின்ன நீர்மட்டத்தை ஒட்டிக் கோடு கிழித்தாற்போலப் பறப்பது. ஒவ்வொரு குளிர்காலமும் குறைந்தது. இந்த வருஷம் முக்கூடலுக்குக் கீழே கண்ணிலேயே படவில்லை. வெள்ளம் கரையை அரித்ததும் தண்ணீர் கெட்டதும்தான் காரணம் என்று அவள் எழுதிய அறிக்கை பத்திரிகையில் வந்தது. கரையில் கான்கிரீட் சுவர் கட்டும் திட்டத்தை எதிர்த்துக்கொண்டிருந்த பெருமாள்ராஜ் அதைக் கையில் எடுத்துக்கொண்டான். முக்கூடலில் பள்ளிக்கூட வாத்தியார் அவன். ஆற்றுக்காக ஒரு சங்கம் நடத்தினான். மீன்கொத்திப் படம் போட்ட சுவரொட்டிகள் வீரவநல்லூர் வரைக்கும் ஒட்டப்பட்டன.

வீட்டிலோ வேறு மாதிரியான அமைதி இருந்தது. வந்த புதிதில் நாசர் நிறையப் பேசினார். பிறகு பேச்சு குறைந்தது. ஒரு கட்டத்தில் சாப்பிட வரும்போதும் கை கழுவும்போதும் தவிர அவர் இருப்பதே தெரியவில்லை. ஆள் மாறிவிட்டார், பாலைவனம் மனுசனை ஊமையாக்கிவிட்டது என்று ஃபஹ்மிதா எண்ணிக்கொண்டாள். ஃபோனில் மகள் ஸமீஹா, "வாப்பா எப்படி இருக்காக?" என்று கேட்டபோது, "இருக்காக" என்பதற்கு மேல் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

தை மாதம், கடைசி நடைக்கு வழக்கமாகத் துணை வரும் பெருமாள்ராஜுக்குக் காய்ச்சல் கண்டது. ஆற்றில் தண்ணீர் வரத்து இருந்தது, பாறையெல்லாம் பாசி. தனியாகப் போக வேண்டாம் என்று அவன் தடுத்தான். நாசர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நான் வாரேன்."

"வாங்க. ஆனா வழியெல்லாம் பேசப்பிடாது. சத்தம் கேட்டாத்தான் எனக்கு வேல நடக்கும்."

அவர் ஏதோ சொன்னார். உதடு அசைந்ததை மட்டும் அவள் பார்த்தாள். என்னவென்று கேட்கவில்லை.

முக்கூடலில் இறங்கியபோது ஆற்றின் மேல் பனி இன்னும் விலகவில்லை. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று நடு ஆற்றுக்கு மேலே சிறகடித்து அந்தரத்தில் நின்று, சட்டென்று தலைகீழாக விழுந்தது. அக்கரையில் வெண்மார்பு மீன்கொத்தி கடகடவென்று சிரித்தது. ஃபஹ்மிதா குறித்துக்கொண்டே நடந்தாள். பின்னால் நாசர் சொன்னபடி வாயே திறக்காமல் வந்தார். மருத மரங்கள் ஆற்றுக்குள் வேர் நீட்டி நிற்கும் வளைவுக்கு வந்தபோது அவர் அவளுடைய தோளைத் தொட்டார்.

"பேசலாமா?"

"சொல்லுங்க."

"அது என்ன சத்தம்? யாரோ குப்பி மூடியத் திருகுத மாதிரி."

ஃபஹ்மிதா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் பாறையில் மோதும் இரைச்சல். தூரத்தில் டிராக்டர். "எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"இந்தா, மறுபடியும். நனஞ்ச கையால கண்ணாடி மூடியத் திருகினா ஒரு கீச்சு வரும்லா? கடையில நாள் முழுக்கக் கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா? அங்கன, அந்த வேருக்குக் கிட்ட."

இந்த ஆற்றில் அப்படிக் கூவுகிற பறவை ஒன்றே ஒன்றுதான். பைனாகுலரைத் தூக்கி அவர் கை காட்டிய இடத்தைப் பார்த்தாள். முதலில் வேரும் நிழலும்தான். பிறகு நிழலுக்குள் ஒரு நீலம். கைக்குள் அடங்குகிற உடம்பு, அதற்குப் பொருந்தாத நீள அலகு, செங்காவி வயிறு. இல்லவே இல்லை என்று அவள் எழுதிக்கொடுத்திருந்த இடத்தில் அது உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தலையை ஒரு வெட்டு வெட்டி வாயைத் திறந்தது. தொண்டை துடித்தது. வாய் மூடியது.

"இப்பக் கூப்பிட்டுச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா. நல்லாத் தெளிவா."

மறுபடியும் அலகு திறந்தது. மறுபடியும் அவளுக்குத் தண்ணீர் இரைச்சல் மட்டும்தான். பறவை வேரை விட்டுக் கிளம்பி, கூவிக்கொண்டே போனதாக நாசர் சொன்னார். அவள் கண்ணுக்கு ஒரு நீலக் கோடு சத்தமில்லாமல் ஆற்றைக் கடந்து மறைந்தது.

அவள் நடையை நிறுத்தவில்லை. சேரன்மகாதேவி வரைக்கும் போனார்கள். வழியில் நாசர் எங்கெல்லாம் நின்று, "இங்கன ஒண்ணு கேக்குது" என்றாரோ அங்கெல்லாம் பொறுமையாகத் தேடினால் அந்தப் பறவை இருந்தது. ஊர் நெருங்கியதும் ஒரு படித்துறையில் ஃபஹ்மிதா உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் துணி துவைத்துவிட்டுப் போன ஈரம் கல்லில் இருந்தது.

"பறவை எங்கயும் போகல. எனக்குத்தான் கேக்கல" என்றாள்.

நாசர் இரண்டு படி கீழே உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்து, நிதானமாகக் கேட்டார்:

"அப்போ நான் கூப்பிட்டதும் ஒனக்குக் கேக்காமத்தான் இருந்துச்சோ?"

"எப்பக் கூப்பிட்டீய?"

"தெனமும்தான். கூடத்துல இருந்து கூப்பிடுவேன். ஒரு டீ போடட்டுமா, கடைக்குப் போகட்டா, இன்னைக்கு என்ன குருவி பாத்தன்னு கேப்பேன். நீ பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருப்ப. பதில் வராது. சரி, இத்தன வருஷம் தனியா இருந்த மனுஷி, நான் வந்து உக்காந்தது ஒனக்குப் பிடிக்கல போலன்னு நெனச்சேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "போன வாரம் தம்மாம் முதலாளிக்கு ஃபோன் போட்டேன். வாரியாடான்னு கேட்டாரு. யோசிச்சிச் சொல்லுதேன்னேன்."

ஃபஹ்மிதா அவரையே பார்த்தாள். வாடிக்கையாளரின் புறங்கையில் ஒரு துளி தடவிவிட்டுக் காதோரம் பேசிப் பழகிய குரல் அது. அத்தனை தாழ்வாகப் பேசுகிறவர், அவள் காதில் விழவில்லை என்பதே தெரியாமல் மாதக்கணக்கில் பேசி, பேசிப் பேசி, கடைசியில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அவளோ பாலைவனத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அல்லாவே" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "முதலாளிக்கு ஃபோன் போட்டு வரலன்னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க, என் முன்னால."

அவர் ஈரக்கையோடு ஃபோனை எடுத்தார்.

பாளையங்கோட்டையில் காது பரிசோதனை செய்கிற எலிசபெத் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். ஆரம்பத்தில் ஃபஹ்மிதா டக்டக்கென்று அமுக்கினாள். பிறகு நீண்ட நேரம் விரல் சும்மா இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எலிசபெத் தன்னைப் பார்த்துக்கொண்டே கருவியைத் திருகுவதும், ஒரு முறைகூடத் தான் அமுக்காததும் அவளுக்குத் தெரிந்தது. பரீட்சை எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மாதிரி இருந்தது.

"கீழ் சத்தமெல்லாம் நல்லாக் கேக்குது மேடம். மேல போகப்போக இறங்கிட்டு. மெதுவாப் பேசினா வார்த்தயும் பிடிபடாது. வயசானா வாறதுதான், உங்களுக்குக் கொஞ்சம் முந்தியே வந்துட்டு. வீட்டுல யாருக்கும் இருந்துச்சா?"

"எங்க உம்மாகிட்ட எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். அவங்களுக்குக் கோவம் வேற வரும்."

எலிசபெத் சிரித்தார். "பையப் பையக் கொறஞ்சா ஆளுக்குத் தெரியாது. இங்க வாறவங்க எல்லாரும், இப்போ ஊருல எல்லாரும் முனங்கிப் பேசுதாங்கன்னுதான் சொல்லுவாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது ஃபஹ்மிதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறு எவையெல்லாம் போயிருக்கும் என்று மனசு ஒவ்வொன்றாகத் தேடியது. கொல்லையில் மாமரத்துக்குப் பூங்கொத்திக் குருவி வருவதில்லை என்று நினைத்திருந்தாளே, அது வந்துகொண்டேதான் இருந்திருக்குமோ? இத்தனை குளிர்காலத்து எண்ணிக்கையில் எது ஆற்றின் கதை, எது தன் காதின் கதை? மேலப்பாளையம் தாண்டும்போது நாசர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிச் செய்ததில்லை.

அன்று மாலையே பெருமாள்ராஜிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் காய்ச்சல் குரலோடு எழுந்து உட்கார்ந்தது ஃபோனிலேயே தெரிந்தது.

"அக்கா, வெள்ளிக்கெழம சொவர் பத்திக் கருத்துக் கேக்குத கூட்டம். இப்பப் போயி இப்படிச் சொல்லுதீயளே!"

"இப்பத்தானய்யா எனக்கே தெரியும்."

"ஆறு கெட்டுத்தான கெடக்கு? அது பொய்யா? கூட்டம் முடியட்டும், பெறகு பைய மாத்தி எழுதிக்கிடலாம். ஒரு குருவி கூடக் கொறைய இருந்தா யாருக்கு என்ன?"

"எனக்கு இருக்கு பெருமாள். இது தப்புன்னு தெரிஞ்சும் நான் சும்மா இருந்தா, நாளைக்கு நான் எண்ணுன வேற எதயும் யாரும் நம்ப வேண்டாம். நானே நம்ப மாட்டேன்."

அவன் பதில் சொல்லாமல் வைத்துவிட்டான். தன் காதுக்குத்தான் விழவில்லையோ என்று ஒருமுறை ஃபோனைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

கூட்டத்துக்கு முன் இருந்த நாட்களில் இருவரும் தினமும் ஆற்றுக்குப் போனார்கள். நாசர் கேட்டார், அவள் பார்த்தாள். மருதமரத்து வளைவில் வெள்ளம் கரையைக் கத்தியால் வெட்டினாற்போல் செங்குத்தாக அறுத்து விட்டிருந்தது. அந்த மண்சுவரில், தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், முஷ்டி நுழைகிற அளவுக்குப் பொந்துகள். பொந்தின் வாயில் வெள்ளை எச்சம் வழிந்திருந்தது. ஒரு சிறு மீன்கொத்தி வாயில் மீனோடு வந்து அதற்குள் நுழைந்ததை ஃபஹ்மிதா கண்ணால் பார்த்தாள். வெள்ளம் விரட்டியது என்று எழுதியிருந்தாள். வெள்ளம் அறுத்துக்கொடுத்த கரையிலேயே அது குடியேறியிருந்தது.

சேரன்மகாதேவியில் நடந்த கூட்டத்தில் விவசாயிகள், சங்கத்து ஆட்கள், பத்திரிகைக்காரர்கள் என்று அறை நிறைந்திருந்தது. சுவர்த் திட்டத்தின் பொறியாளர் மேசையில் அவளுடைய அறிக்கையை விரித்து வைத்திருந்தார். பெருமாள்ராஜ் கடைசி வரிசையில் தலையைக் குனிந்திருந்தான்.

ஃபஹ்மிதா எழுந்தாள். "என் அறிக்கையில சிறு மீன்கொத்தி இல்லன்னு எழுதியிருக்கேன். அது தப்பு. பறவை இருக்கு. எனக்கு மேல்சத்தம் கேக்காமப் போச்சு, அது எனக்கே தெரியாம இருந்துருக்கு. பரிசோதனை பண்ணி உறுதி பண்ணிட்டு வந்து சொல்லுதேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வெள்ளத்தில் வயல் முழுக்க மணல் மூடிப்போன முத்துமாலை என்ற விவசாயி எழுந்து நின்றார். "அப்போ குருவி நல்லாத்தான இருக்கு? இன்னும் என்ன யோசன? சொவர கெட்டுங்க. அடுத்த வெள்ளம் வந்தா நாங்க எங்க போவோம்?"

"அண்ணாச்சி, உங்க வயலுக்குச் சொவர் வேணும். நான் மறுக்கல" என்றாள் ஃபஹ்மிதா. "ஆனா அந்தப் பறவை சொவத்துல பொந்து தோண்டாது. அதுக்கு மண்கரைதான் வீடு. மருதமரத்து வளைவுல யாரு வயலும் இல்ல. அங்கன இப்போ குஞ்சு வளருது. அந்த வளைவ மட்டும் விட்டுட்டுக் கெட்ட முடியுமான்னு பாருங்க. நேருல வாங்க, காட்டுதேன்."

பொறியாளர் மறுவாரம் வந்தார். பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்று பார்த்தார். வரைபடத்தில் எதையோ அடித்துத் திருத்தினார். அந்த வளைவு தப்பியது. அதற்கு மேலே இன்னொரு இடத்தில் இருந்த பொந்துகள் தப்பவில்லை. அங்கே முத்துமாலையின் வயல் இருந்தது. ஃபஹ்மிதா அதை எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கான்கிரீட் கலவை இயந்திரம் ஓடிய நாட்களில் அந்தப் பக்கம் போகவும் இல்லை.

"காது கேளாத பறவை ஆய்வாளர்" என்று ஒரு பத்திரிகை தலைப்புப் போட்டது. நாசர் அந்தத் தாளை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தார். சோறு வடிக்கப் போனபோது அவள் கையில் சிக்கியது. படித்துவிட்டு, "போட்டோ நல்லாத்தான போட்டிருக்கான்" என்றாள். ஆனால் அன்று முழுவதும் வெளியே போகவில்லை.

அவள் தன் பழைய கணக்குகளில் எவை காதை நம்பியவை, எவை கண்ணை நம்பியவை என்று பிரித்து, சந்தேகமானவற்றை எல்லாம் விலக்கிக்கொள்வதாக வெளியிட்டாள். அது எளிதாக இல்லை. சில நாட்கள் எழுந்து போய்க் கொல்லையில் நிற்பாள். பறவைகளை எண்ணுகிறவர்கள் தங்கள் காதையும் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அதோடு ஒரு கட்டுரையும் எழுதினாள். அவள் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். எங்கெங்கோ இருந்து, அவளைவிட மூத்தவர்கள், தங்களுக்கும் சில குருவிகள் கொஞ்ச காலமாக மௌனமாகிவிட்டன என்று பதில் எழுதினார்கள்.

காதுக்கருவி வாங்கினாள். எவர்சில்வர் தட்டு வைக்கிற சத்தமும் காகமும் முதல் வாரம் அவளைப் படுத்தி எடுத்தன. மீன்கொத்தியின் குரல் அதில் மெல்லியதாக, தகரத்தில் கீறினாற்போல் கேட்டது. அவளுக்குத் தெரிந்த குரல் அது இல்லை. இனிக் குரலை வைத்து எண்ணும் வேலையை மாணவிகளிடம் விட்டுவிட்டு, கண்ணால் மட்டும் செய்யக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டாள்: ஆற்றங்கரைப் பொந்துகள். எந்த மண், எவ்வளவு உயரம், எவ்வளவு ஆழம், எந்த வெள்ளத்தைத் தாங்கும். இந்த ஆற்றில் அதை யாரும் அதுவரை பார்த்திருக்கவில்லை.

மாசி முழுக்கப் பேசாமல் இருந்த பெருமாள்ராஜ் பங்குனியில் ஒருநாள், ஒரு சீப்புக் கதலிப் பழத்தோடு வீட்டுக்கு வந்தான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "அக்கா, திருப்புடைமருதூர்ப் பக்கம் ஒரு கரை இருக்கு, பொந்தாக் கெடக்கு" என்றான். அவள் டீ போட எழுந்தாள்.

குஞ்சுகள் பறந்துபோன பிறகு, சித்திரை வெயில் ஏறுமுன் ஒரு காலையில், ஃபஹ்மிதா வளைவின் மேல்கரையில் குப்புறப் படுத்து, கீழே கையை நீட்டி, ஒரு மூங்கில் குச்சியைப் பொந்துக்குள் விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சரிந்து ஆற்றில் விழுந்துவிடாமல் நாசர் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மோதிரம் கீதிரம் விழுந்துட்டா?"

"இல்ல வே" என்றார் நாசர், பிடியை விடாமல். "வீடு பாக்குதோம்."

"அந்தப் பொந்துலயா?"

"உள்ள நல்லா விசாலமா இருக்காம்."

கீழேயிருந்து ஃபஹ்மிதா ஓர் அளவைச் சொன்னாள். நாசர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். ஆட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். "அடுத்ததுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் இழுங்க" என்று அவள் குரல் வந்தது. அவர் எழுந்து, கணுக்காலை விடாமலே, பைய நகர்ந்தார்.